கோழிக்குஞ்சுகளின் இரத்தக்கழிச்சலும் மூலிகைத் தீவனமும்

நெசவாளர் வீடுகளிலும் உழவர் வீடுகளிலும் கோழி வளர்ப்பு பெரும்பாலும் பெண்மக்களின் பொறுப்பில் நடந்து வருகிறது. பாவு கிடைக்காமல் தறி நின்றுவிட்ட வாரத்திலும், வயலில் வேலையில்லாத மாதத்திலும், முட்டை விற்ற காசே உப்புக்கும் புளிக்கும் உதவுகிறது. இத்தொழிலுக்கு வேண்டிய முதல் சிறிது, இடமும் சிறிது. ஆகவே அங்கத்தினர்களுக்குக் குஞ்சு வாங்கக் கடன் கொடுக்கும் சங்கங்கள் உண்டு. ஆனால் கடன் கொடுப்பதோடு சங்கத்தின் கடமை முடிந்துவிடுவதில்லை. கடனால் வாங்கிய குஞ்சுகள் பிழைத்து வளர்ந்தால்தான் கடனும் ஒழுங்காகத் திரும்பும்.

ஒரு மாதக் குஞ்சுகளை ஒரே வாரத்தில் வாரிக்கொண்டு போகக்கூடிய நோய் இரத்தக்கழிச்சல். மஞ்சள், பூண்டு, வேம்பு, கீழாநெல்லி முதலியவற்றைத் தீவனத்தில் கலந்து கொடுத்து இந்நோயைத் தடுக்க முயலும் வழக்கம் நம்மிடையே உண்டு. அம்மூலிகைகளால் ஆகக்கூடியது எவ்வளவு, ஆகாதது எவ்வளவு என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம். இதனை எழுதுவதற்கு நமக்குத் தனிப்பட்ட காரணம் ஒன்றும் உண்டு. அதனை முதலில் சொல்லிவிடுவதே முறையாகும்.

நாம் செய்த பிழை

நமது சரகத்திலுள்ள நெசவாளர் சங்கம் ஒன்றில் 20 குடும்பங்கள் தலைக்கு 25 குஞ்சுகள் வீதம் கடனில் வாங்கின. அது மாசி மாதம். அங்கத்தினர் சிலர் ஐந்து மூலிகைகளைச் சமபங்கு உலர்த்தி இடித்துப் பொடியாக்கி, நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டி தீவனத்தில் கலந்து கொடுத்தனர். குஞ்சுகள் நன்றாக வளர்ந்தன. சித்திரையில் நாம் சென்று பார்த்தபோது, பொடி கொடுத்த வீடுகளில் இரண்டு மூன்று குஞ்சுகளுக்கு மேல் இழப்பில்லை. நமக்கு மிகுந்த மகிழ்ச்சி உண்டாயிற்று. "இம்மூலிகைப் பொடி இரத்தக்கழிச்சலைத் தடுக்கிறது, சங்கமே இதனை மொத்தமாகத் தயாரித்து எல்லா அங்கத்தினர்க்கும் வழங்கலாம்" என்று சங்கத்தின் பார்வைப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிட்டோம். நிர்வாகக் குழுவினரும் அதனைத் தீர்மானமாக நிறைவேற்றினர்.

ஐப்பசியில் இரண்டாம் தொகுதிக் குஞ்சுகள் வந்தன. அவை நான்காம் வாரத்தை எட்டியபோது ஐந்து நாள் விடாமழை பெய்தது. ஆறாம் நாள் காரியதரிசியிடமிருந்து நமக்குச் செய்தி வந்தது. நாம் சென்றபோது, கணவரை இழந்து ஒற்றைத் தறியை நம்பி வாழும் அங்கத்தினர் ஒருவர் வீட்டில் 25 குஞ்சுகளில் 19 இறந்திருந்தன. எஞ்சியவை இறகு சிலிர்த்து, கண்ணை மூடி, மூலையில் ஒடுங்கி நின்றன. கூளத்தின்மேல் இரத்தம் படிந்திருந்தது. குழித்தறியின் குழியில் நீர் ஊறி, அந்த ஈரம் பக்கத்திலிருந்த கோழி அறை வரையில் பரவியிருந்தது.

அந்த அம்மையார் நம்மிடம் கோபித்துக்கொள்ளவில்லை. சுவரைக் காட்டினார். நாளுக்கொரு சுண்ணாம்புப் புள்ளி வரிசையாக வைத்திருந்தார். "ஐயா, ஒரு நாள்கூடப் பொடி தவறவில்லை. இரத்தம் கண்ட நாள் முதல் இரண்டு கரண்டியாகவும் கொடுத்தேன். நீங்கள் எழுதி வைத்ததில் நான் எதையாவது விட்டுவிட்டேனா?" என்று கேட்டார். அவர் ஒன்றையும் விடவில்லை. விட்டவர்கள் நாமே.

அன்று மாலை மற்ற வீடுகளையும் பார்த்தோம். மேட்டுத் தெருவில் ஒரு வீட்டில், பொடிக்குப் பணம் இல்லாமல் அதனை வாங்காதிருந்த ஓர் அங்கத்தினர் இரண்டு குஞ்சுகளையே இழந்திருந்தார். அவர் வீட்டுக் கோழி அறையின் தரை உலர்ந்திருந்தது. உமி காலடியில் சலசலத்தது. அப்போதுதான் சித்திரையில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி நமக்குத் தோன்றியது: மாசியில் பொடி கொடாத வீடுகளில் குஞ்சுகள் எப்படி இருந்தன? விசாரித்தோம். அவையும் நன்றாகவே வளர்ந்திருந்தன. குஞ்சுகளைக் காத்தது மாசி, பங்குனி வெயில். நாமோ அந்த வரவைப் பொடியின் கணக்கில் எழுதிவிட்டோம். ஒரு தலைப்பில் வைக்க வேண்டிய தொகையை மற்றொரு தலைப்பில் வைத்தால் கூட்டல் சரியாகவே வரும். கணக்கு மட்டும் தவறாக இருக்கும். பிறர் கணக்கில் இத்தகைய பிழைகளைக் கண்டுபிடிப்பதே தொழிலாகக் கொண்ட நாம், நமது குறிப்பிலேயே அதனைச் செய்தோம்.

நோயின் இயல்பு

கால்நடை மருத்துவர் இறந்த குஞ்சுகள் இரண்டை அறுத்துக் காட்டினார். கோழியின் குடலில் சிறுகுடல் முடியுமிடத்தில் இரண்டு பைபோன்ற குருட்டுக்குடல்கள் உண்டு. அவ்விரண்டும் இரத்தம் நிறைந்து வீங்கியிருந்தன. இதனைச் செய்வது எய்மீரியா என்னும் ஓரணு ஒட்டுண்ணி. கண்ணுக்குப் புலப்படாதது, நுண்ணோக்காடியால் மட்டுமே காணத்தக்கது. கோழியைத் தாக்கும் எய்மீரியா வகைகள் ஏழு என்று நெடுங்காலமாக வகுத்திருக்கின்றனர். ஒவ்வொரு வகையும் குடலின் ஒவ்வொரு பகுதியைப் பற்றும். அவற்றுள் குருட்டுக்குடலைப் பற்றும் தெனெல்லா என்னும் வகையே குஞ்சுகளுக்குப் பெருங்கேடு செய்வது. மூன்று முதல் ஆறு வாரம் வரையுள்ள குஞ்சுகளே இதற்கு அதிகமாக இரையாகின்றன.

இவ்வொட்டுண்ணி பெருகும் முறையை அங்கத்தினர்கள் நன்கு மனத்திற் கொள்ளவேண்டும். நோயுற்ற கோழியின் எச்சத்தோடு இதன் நுண்முட்டைகள் வெளியே வருகின்றன. வந்தவுடன் அவை நோய் உண்டாக்குவதில்லை. தரையில் கிடந்து முதிர்ந்த பின்னரே உண்டாக்கும். முதிர்வதற்கு மூன்று வேண்டும்: ஈரம், வெதுவெதுப்பு, காற்று. இம்மூன்றும் பொருந்தினால் ஒன்றிரண்டு நாளில் முதிர்ந்துவிடும். முதிர்ந்த நுண்முட்டை ஒவ்வொன்றிலும் எட்டு உயிரிகள் உண்டு. தரையைக் கிளறித் தின்னும் குஞ்சின் வயிற்றில் அவை விடுபட்டுக் குடற்சுவரின் அணுக்களுக்குள் புகுந்து, பெருகி, அவ்வணுக்களை வெடித்து வெளியேறி, மீண்டும் புதிய அணுக்களில் புகுகின்றன. ஐந்தாம் ஆறாம் நாளில் குடற்சுவர் கிழிந்து இரத்தம் கழிகிறது. ஏறத்தாழ ஏழாம் நாளில் புதிய நுண்முட்டைகள் பல்லாயிரக்கணக்கில் எச்சத்தோடு தரைக்கு வருகின்றன.

வட்டிக்கு வட்டி ஏறுவது எப்படி என்பதைக் கூட்டுறவாளர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. இந்நோய் அவ்வாறே ஏறுகிறது. முதல் வாரத்தில் ஒரு குஞ்சு தின்ற சில நுண்முட்டைகள் அடுத்த வாரத்தில் அறை முழுவதற்கும் போதுமானவை ஆகின்றன. ஆனால் இக்கடன் ஏறுவதற்கு ஈரம் என்னும் ஒரு சாட்சிக் கையொப்பம் வேண்டும். தரை உலர்ந்திருந்தால் நுண்முட்டைகள் முதிராமலே பெரும்பாலும் அழிந்துபோகின்றன. சாதாரணக் கிருமிநாசினிகள் இவற்றின் தடித்த ஓட்டைத் துளைப்பதில்லை. பினாயில் தெளித்துவிட்டோம் என்று நிம்மதி கொள்வது வீண். வறட்சியும் கடும் வெப்பமுமே இவற்றை அழிப்பன.

இன்னொரு செய்தியும் உண்டு. சிறிதளவு நோய்த்தொற்று ஏற்பட்டுப் பிழைத்த குஞ்சுக்கு அந்த வகை எய்மீரியாவை எதிர்க்கும் ஆற்றல் உண்டாகிறது. வேறு வகையை எதிர்க்கும் ஆற்றல் அதனால் வருவதில்லை. இவ்வியல்பை ஆதாரமாகக் கொண்டே 1952-இல் அமெரிக்க நாட்டில் இந்நோய்க்கு முதல் தடுப்பூசி மருந்து விற்பனைக்கு வந்தது. வளர்ந்த கோழிகள் நோயின்றிக் காணப்பட்டாலும் அவற்றின் எச்சத்தில் நுண்முட்டைகள் இருக்கக்கூடும். ஆகவே பெரிய கோழிகளோடு சிறு குஞ்சுகளை ஒரே அறையில் அடைத்தல் ஆகாது. தரையை முற்றும் தூய்மையாக்குவது நம்மால் இயலாத காரியம். குஞ்சு தின்னும் நுண்முட்டைகளின் தொகையைக் குறைப்பதே நம்மால் இயல்வது. குறைந்த தொகை ஆற்றலைத் தரும். மிகுந்த தொகை உயிரைப் போக்கும்.

எச்சம் வெண்மையாகவோ பச்சையாகவோ இருந்து, கழுத்துத் திருகல், மூச்சுத் திணறல் முதலியவை காணப்பட்டால் அது வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். அது வைரஸ் நோய். அதற்குத் தடுப்பூசி உண்டு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்கி ஒரே பொடியைக் கொடுப்போர் பலர்.

மூலிகைகள் பற்றி ஆராய்ச்சி கூறுவது

நமது இழப்பினால் மூலிகைகள் யாவும் பயனற்றவை என்று முடிவு செய்வதும் முன்னதைப் போன்றதொரு பிழையே ஆகும். உலகில் பல நாட்டினர் இத்துறையில் ஆராய்ச்சி செய்து வருகின்றனர். அதற்குக் காரணம் உண்டு. 1948-இல் சல்பாகுவினாக்சலின் என்னும் இரசாயன மருந்தைத் தீவனத்தில் கலக்கும் முறை அமெரிக்காவில் தொடங்கியது. அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாகப் புதிய மருந்துகள் வந்தன. எய்மீரியாவோ மருந்துகளுக்குப் பழகி, அவற்றை எதிர்த்து நிற்கும் ஆற்றலைப் பெற்று வந்தது. ஐரோப்பிய ஒன்றியம், வளர்ச்சிக்காக ஆண்டிபயாட்டிக் மருந்துகளைத் தீவனத்தில் கலப்பதை 2006-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து தடை செய்தது. இவற்றால் மூலிகைகளின்பால் ஆராய்ச்சியாளர் நாட்டம் மிகுந்தது. நம் நாட்டிலும், 1989-இல் தோன்றிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மரபு வழி மூலிகை மருத்துவத்தை ஆராய்ந்து வருகிறது.

எய்மீரியாவும் மலேரியாவை உண்டாக்கும் ஒட்டுண்ணியும் ஒரே பெருங்குலத்தைச் சேர்ந்தவை. மலேரியாவுக்குச் சீனத்து மூலிகையாகிய ஆர்ட்டிமீசியா அன்னுவாவிலிருந்து ஆர்ட்டிமிசினின் என்னும் மருந்தைக் கண்டறிந்த தூ யூயூ அம்மையாருக்கு 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே மூலிகையைக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் தம் முடிவை 1997-இல் வெளியிட்டனர். உலர்ந்த இலையை 100 கிலோ தீவனத்துக்கு 5 கிலோ வீதம் மூன்று வாரம் கொடுத்ததில், தெனெல்லா வகையால் குடலில் உண்டாகும் புண் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. ஆனால் வேறு இரண்டு வகைகளுக்கு எதிராக அதே இலை அத்தகைய காப்பைத் தரவில்லை. இங்கு ஓர் எச்சரிக்கை: நம் பூச்சந்தையில் விற்கும் மரிக்கொழுந்தும் ஆர்ட்டிமீசியா இனத்தைச் சார்ந்ததே. எனினும் அது வேறு செடி. இனப்பெயர் ஒன்றாயிருப்பதால் குணமும் ஒன்றாகிவிடாது.

இனி மஞ்சளைப் பார்ப்போம். 1998-இல் வெளியான ஆராய்ச்சித் தொகுப்பொன்றில், மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் பொருள் சிறுகுடலின் மேற்பகுதியையும் நடுப்பகுதியையும் தாக்கும் எய்மீரியா வகைகளைக் குறைப்பதாகத் தெரிவிக்கப்பட்டது. இதனை மட்டும் கேட்டால் மஞ்சள் வெற்றி பெற்றுவிட்டதாகத் தோன்றும். ஆனால் அளவைக் கவனிக்க வேண்டும். கொடுத்தது நூற்றுக்கு ஒரு பங்கு குர்குமின். மஞ்சள் தூள் அன்று. மஞ்சளில் குர்குமின் நூற்றுக்குச் சில பங்கே உண்டு. அதனை நான்கு பங்கு என்று வைத்துக்கொண்டு நம் சங்கத்துப் பொடியைக் கணக்குப் பார்ப்போம்.

நான்காம் வாரத்தில் குஞ்சு ஒன்று நாளுக்கு 30 கிராம் தின்பதாகக் கொண்டால் 25 குஞ்சுகளுக்குத் தீவனம் 750 கிராம். அதற்கு நூற்றுக்கு ஒன்று வீதம் குர்குமின் 7.5 கிராம் வேண்டும். நாம் கலந்த பொடி ஒரு தேக்கரண்டி, அதாவது சுமார் 5 கிராம். அதில் ஐந்தில் ஒரு பங்கு மஞ்சள். ஆகவே 1 கிராம். அதிலுள்ள குர்குமின் 0.04 கிராம். தேவையான அளவில் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கையே நாம் கொடுத்தோம். அந்த அம்மையார் இரண்டு கரண்டியாக உயர்த்தியபோதும் அது ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகவே இருந்தது. ஆராய்ச்சி அளவை மஞ்சள் தூளாலேயே எட்ட வேண்டுமானால் 100 கிலோ தீவனத்தில் 25 கிலோ மஞ்சள் சேர்க்க வேண்டும். அத்தீவனத்தை எந்தக் குஞ்சும் விரும்பித் தின்னாது. தின்றாலும் அதில் சத்துப் போதாது. "ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது" என்று யாரேனும் கூறினால், எந்தப் பொருள், எவ்வளவு, எத்தனை நாள், எந்த வகை நோய்க்கு என்று நான்கு கேள்விகளைக் கேட்டல் அங்கத்தினர்களின் உரிமையாகும்.

பூண்டின் வீரியம் அதனை நசுக்கும்போது உண்டாகும் அல்லிசின் என்னும் பொருளில் உள்ளது. அது நிலைத்து நிற்பதன்று. சூட்டிலும் நாட்பட்ட சேமிப்பிலும் கெடும். ஆகவே மாதக்கணக்கில் டப்பாவில் கிடக்கும் பூண்டுப் பொடியும், அப்போதைக்கப்போது நசுக்கிக் கலக்கும் பூண்டும் ஒன்றல்ல. வேப்பிலை மிகுந்தால் கசப்பால் குஞ்சுகள் தீவனம் குறைத்துத் தின்று வளர்ச்சி குன்றும். முருங்கைக்கீரை ஒட்டுண்ணியைக் கொல்லும் மருந்தன்று. ஆயினும் அதிலுள்ள ஏ, கே ஆகிய வைட்டமின் சத்துகள் குடலின் உட்சுவருக்கும் இரத்தம் உறைவதற்கும் துணை செய்கின்றன. ஏ வைட்டமின் குறைந்த குஞ்சுகளை இந்நோய் கடுமையாகத் தாக்கும். செலவில்லாமல் வேலியில் வளரும் இக்கீரையைப் பொடியாக நறுக்கிக் கொடுத்து வருதல் நன்று.

பொடியைச் சேமிப்பதிலும் கவனம் வேண்டும். மழைக்காலத்தில் ஈரமேறிய பொடியிலும் தீவனத்திலும் பூஞ்சணம் பிடிக்கும். சில பூஞ்சணங்கள் உண்டாக்கும் நஞ்சு குஞ்சின் ஈரலைக் கெடுக்கும். செடியிலிருந்து வந்தது என்பதனால் ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது.

நோய் கண்ட பின் மூலிகை உதவாதது ஏன்?

கால்நடை மருத்துவர் கூறிய ஒரு வார்த்தை நமக்குப் பெரும் பாடமாயிற்று. நோயுற்ற குஞ்சு தீவனம் தின்பதை நிறுத்திவிடும். தண்ணீர் மட்டும் குடிக்கும். ஆகவே தீவனத்தில் கலந்த பொடி எதுவாயினும் அது நோயில்லாத குஞ்சுகளின் வயிற்றுக்கே போகிறது. மருந்து வேண்டிய குஞ்சுக்கு அது சேர்வதேயில்லை. இதனாலேயே மருத்துவர்கள் இந்நோய்க்குரிய மருந்தைக் குடிநீரில் கலந்து கொடுக்கின்றனர்.

அவ்வாறு கொடுக்கும் மருந்துகளுள் ஒன்று ஆம்ப்ரோலியம். அது பி1 வைட்டமினை ஒத்த உருவமுடையது. ஒட்டுண்ணி அதனைத் தன் உணவென ஏமாந்து ஏற்று, உண்மைச் சத்துக் கிடைக்காமல் மடிகிறது. இம்மருந்து கொடுக்கும் நாட்களில் பி1 சேர்ந்த சத்து மருந்துகளைத் தாமாகவே கொடுத்தால் மருந்தின் வேலை கெடும். சல்பா மருந்துகள் அளவு மீறினால் குஞ்சுக்கே தீங்கு செய்யும். ஆகவே அளவையும் நாட்களையும் மருத்துவரே சொல்ல வேண்டும். எத்தனை நாள் கழித்து முட்டையையும் இறைச்சியையும் உபயோகிக்கலாம் என்பதையும் அவரிடமே கேட்டறிதல் வேண்டும். எச்சத்தில் இரத்தம் கண்ட அன்றே அவரிடம் செல்ல வேண்டும். அந்த அம்மையார் நாலு நாள் பொடியை நம்பிக் காத்திருந்தார். அந்நான்கு நாட்களிலேயே அவர் இழந்த குஞ்சுகளிற் பெரும்பாலானவை இறந்தன.

தரையை உலர்த்தும் முறை

நெசவாளர்களுக்கு ஈரத்தின் தொல்லையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பாவுக்குக் கஞ்சி போட்டு உலர்த்தும்போது வானம் மூடினால் மனம் பதைப்பதை அவர்கள் அறிவர். அதே கவனத்தைக் கோழி அறையிலும் செலுத்துதல் வேண்டும்.

1. குஞ்சு அறை மேட்டில் இருக்கட்டும். குழித்தறிக்கும் நீர் தேங்கும் முற்றத்துக்கும் பக்கத்தில் வேண்டாம். தரையைச் சுற்று நிலத்தைவிட உயர்த்தி மண் இட்டுக் கெட்டியாக்குக.

2. உமி, கடலைத்தோல், மரத்தூள் ஆகியவற்றுள் கிடைப்பதை இரண்டு மூன்று அங்குல உயரம் பரப்புக. நாள்தோறும் கிளறிவிடுக.

3. ஒரு பிடி கூளத்தைக் கையில் எடுத்து இறுக்கிப் பார்க்க. உருண்டையாக நின்றால் ஈரம் மிகுதி. உடனே அப்பகுதியை அள்ளி வெளியேற்றிப் புதிய உமி இடுக. பிடியைத் திறந்ததும் உதிர்ந்தால் நன்று.

4. தண்ணீர்ப் பாத்திரத்தைக் குஞ்சின் முதுகு உயரத்துக்கு உயர்த்தி வைக்க. அறையில் முதலில் நனைவது பாத்திரத்தைச் சுற்றியுள்ள இடமே. அதற்கடியில் ஒரு கம்பி வலைச் சட்டம் இடுதல் நலம்.

5. நான்கு வாரம் வரை குஞ்சுக்கு அரைச் சதுர அடியும், எட்டு வாரம் வரை ஒரு சதுர அடியும் இடம் வேண்டும். நெருக்கமே ஈரத்துக்கும் நோய்க்கும் தாய்.

6. தீவனத்தைத் தரையில் இறைக்க வேண்டாம். எச்சத்தோடு சேர்த்துத் தின்னும் பழக்கம் அதனால் வருகிறது.

7. அள்ளிய கூளத்தைக் கோழிகள் மேயாத இடத்தில் எருக்குழியில் இட்டு மூடுக.

குடற்புழுக்கள் பற்றி

உருண்டைப் புழு, நாடாப்புழு ஆகியவையும் கோழிகளை வாட்டுவன. உருண்டைப் புழுவின் முட்டையும் தரையிலேயே முதிர்கிறது. நாடாப்புழு எறும்பு, வண்டு, ஈ முதலியவற்றின் வழியாக வருகிறது. பப்பாளிப் பாலிலுள்ள நொதிப்பொருள்கள் புழுவின் மேல்தோலைக் கரைக்க வல்லவை என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. பாக்கிலுள்ள அரிக்கோலின் புழுக்களைச் செயலற்றவை ஆக்கும். அளவு மிகுந்தால் பறவைக்கே நஞ்சாகும். இத்துறையில் மூலிகைக்கு இடம் உண்டென்பது தெளிவு. எனினும், எச்சத்தைக் கால்நடை மருந்தகத்தில் பரிசோதித்து எந்தப் புழு என்று அறிந்த பின்னரே எதையும் கொடுத்தல் அறிவுடைமை. குடற்புழு நீக்கும் பொருள் எய்மீரியாவை நீக்காது என்பதையும் நினைவிற் கொள்க.

சங்கம் செய்யக்கூடியவை

தனி ஒருவரால் ஆகாததைச் சங்கத்தால் செய்ய முடியும் என்பதே கூட்டுறவின் அடிப்படை. புரட்டாசியிலேயே அரிசி ஆலைகளிலிருந்து உலர்ந்த உமியை மொத்தமாக வாங்கிச் சங்கக் கிடங்கில் சேர்த்து, மழை நாட்களில் அங்கத்தினர்க்கு வழங்கலாம். பொடிக்குச் செலவிடும் பணத்தில் முதற்பங்கு இதற்கே உரியது. மருத்துவரை மாதம் ஒருமுறை அழைத்து எல்லா வீட்டுக் குஞ்சுகளையும் பார்க்கச் செய்யலாம். குஞ்சுக் கடனை வழங்கும் மாதத்தையும், மழைக்காலத்துக்குள் குஞ்சுகள் எட்டு வாரம் கடக்குமாறு திருத்தி அமைக்கலாம்.

மூலிகைப் பொடியைச் சோதிக்க விரும்பும் சங்கம் அதனையும் கணக்கோடு செய்தல் வேண்டும். ஒரே நாளில் பிறந்த குஞ்சுகள், ஒரேவிதத் தீவனம், ஒரேவித உலர்ந்த தரை. பாதி வீடுகளில் பொடி; பாதி வீடுகளில் பொடியில்லை. எந்த வீடு எந்தப் பாதி என்பதைத் திருவுளச் சீட்டால் முடிவு செய்க. வாரந்தோறும் எடையும் இறப்பும் குறிக்கப்பட வேண்டும். நாம் குறிப்பிட்ட சங்கத்தினர் இவ்வாறு செய்யத் தீர்மானித்துள்ளனர். பார்வைப் புத்தகத்தில் நாம் முன்பு எழுதிய குறிப்பை அடித்துவிடாமல், அதற்குக் கீழே நமது பிழையையும் எழுதிக் கையொப்பமிட்டோம். அம்மையாரின் கடனுக்குத் தவணை நீட்டிக்குமாறு நாம் செய்த சிபாரிசை நிர்வாகக் குழுவினர் ஏற்றனர். அவர் மூன்றாம் தொகுதியிலும் சேர்ந்திருக்கிறார். அவர் வீட்டுக் கோழி அறை இப்போது தறி அறையை விட்டு விலகித் திண்ணைப் பக்கத்து மேட்டில் இருக்கிறது. திருவுளச் சீட்டில் அவருக்கு விழுந்தது பொடியில்லாத பாதி. "அதனால் என்ன ஐயா, புள்ளி வைக்கச் சுவர் இருக்கிறது, தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைக்கிறேன்" என்றார்.

ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. எய்மீரியாவின் நுண்முட்டை முதிர்வதற்கு வேண்டிய மூன்று யாவை? அவற்றுள் நம் கையிலுள்ளது எது?

2. மாசியில் பொடி கொடுத்த வீடுகளில் குஞ்சுகள் பிழைத்ததைக் கொண்டு பொடியின் குணத்தை முடிவு செய்தது ஏன் தவறு?

3. உங்கள் வீட்டில் கலக்கும் பொடியில் மஞ்சள் எவ்வளவு, அதில் குர்குமின் எவ்வளவு என்று மேற்கூறிய முறைப்படி கணக்கிடுக.

4. நோயுற்ற குஞ்சுக்குத் தீவனத்தின் வழியே மருந்து சேராதது ஏன்?

5. உங்கள் சங்கம் மழைக்காலத்துக்கு முன் செய்யக்கூடிய மூன்று காரியங்களை அடுத்த கூட்டத்தில் ஆலோசித்துத் தீர்மானமாக எழுதுக.